தையல் வகுப்பு: முதலில் மெஷினா, ஆரியா?

பாபநாசம்_தையல்_டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்தில் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறேன். மிதி மெஷின் நாலு, ஆரிச் சட்டம் ஒன்று இருக்கிறது. (ஆரி என்பது சட்டத்தில் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் சங்கிலித் தையலும் மணியும் போடும் அலங்கார வேலை.) வருஷம் முழுக்க ஊர்ப் பெண்கள் வருவார்கள். பரீட்சை முடிந்தால் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள் வந்து சேர்வார்கள்.

என் வழக்கமான வரிசை இது: நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில் மிதித்துப் பழகுவது. பிறகு காடாத் துணியில் நேர்கோடு, சதுரம், வட்டம், சுருள். அது கைவந்ததும் மூட்டுத் தையல் வகைகள், ஓரம் மடிப்பது, தலையணை உறை, உள்பாவாடை, அதன் பின் பிளவுஸ். அலங்கார வேலை எல்லாம் கடைசியில்தான்.

இந்த முறை வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நாளே "ஆரி மட்டும் சொல்லிக்கொடுங்க டீச்சர், போதும்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். கூட வந்த அம்மாக்களும் அதையேதான் சொன்னார்கள். சிலர் நேர்கோடு பழகும்போதே நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினேழு வயசுப் பிள்ளைக்குக் காடாத் துணியில் கோடு கோடாக ஓட்டுவதில் என்ன ருசி இருக்கும்? அதே சமயம் நேர்த்தையல் வராத கையில் ஆரி ஊசியைக் கொடுக்கவும் சம்மதமில்லை.

அலங்காரத்தை எந்த இடத்தில் நுழைப்பது? எதை நுழைப்பது? மெஷின் பழகும் கைக்கு உதவுகிற மாதிரி அலங்கார வேலை ஏதாவது உண்டா? சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

குடந்தை_டைலர்

டீச்சர், உங்கள் வரிசையை மாற்றாதீர்கள்.

என் கடைக்கு ஆரி போட்ட துணி நிறைய வருகிறது. போட்டவருக்குத் தைக்கத் தெரியுமா என்று துணியை விரித்ததுமே சொல்லிவிடலாம். தெரிந்தவர் வேலையில் கழுத்துக் கோட்டை ஒட்டிக் கால் அங்குலம், தோள் மூட்டில் அரை அங்குலம் வெறும் துணியாக இருக்கும். தெரியாதவர் கோடு வரைக்கும் மணியைக் கோத்து வைத்திருப்பார். அதன்மேல் ஊசி இறங்கினால் ஊசி முறியும், சில்லு தெறித்துக் கண்ணுக்கு வரும். தையல் போகும் வழியில் இருக்கிற மணியை ஒவ்வொன்றாகக் குறடால் நசுக்கி எடுத்த பிறகுதான் நான் மெஷினில் வைக்க முடியும். நூலை அறுத்து எடுக்கவும் வழியில்லை. அறுத்தால் சங்கிலி அங்கிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்று. ஆரி வேலைக்குத் துணியை வெட்டாமல்தான் சட்டத்தில் கட்ட வேண்டும். பிளவுஸின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணியிலேயே குறித்து, வேலை முடிந்த பிறகுதான் வெட்டுவது. அப்படியென்றால் எங்கே டாட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்) வரும், எங்கே கொக்கிப் பட்டி வரும் என்று தெரியாதவர் எதைக் குறிப்பார்? பின்கழுத்தில் போட்ட மயில், தைத்து முடித்ததும் தோளில் ஏறிப் பாதி காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் அம்மா அழுதுவிட்டார்.

மணிக்கு ஒட்டினாற்போல் தைக்க ஜிப் வைக்கும் ஒற்றைக் கால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைவு. ஓரத்தில் மெல்லிய பட்டியாக வரும் பைப்பிங் வைக்கவும் அதுவேதான்.

மன்னார்குடி_ஆரி

குடந்தை அண்ணன் விடுப்பைப் பற்றி, அதாவது தையலுக்காக ஓரத்தில் விடும் வெறும் துணியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

நாலு மெஷினுக்குப் பத்துப் பேர் வந்தால் ஆறு பேர் சும்மா வேடிக்கை பார்க்கிறார்கள். வீட்டில் மெஷின் இல்லாத பிள்ளைக்கு வகுப்பு முடிந்தால் பழக்கமும் முடிந்தது. ஆரிக்குச் சின்னச் சட்டம், ஊசி, நூல்கண்டு இருந்தால் வீட்டு வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்தே பழகலாம். அதனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள் என்கிறேன். மெஷின் காலியில்லாதவர் சட்டத்துக்குப் போகட்டும்.

ஆரியிலும் அடிப்படை என்று ஒன்று உண்டு. மணியும் சமிக்கியும் முதல் வாரத்தில் கையில் கொடுக்கவே கூடாது. துணி தட்டினால் சத்தம் வரும்படி இறுக்கமாகக் கட்டப் பழக வேண்டும். துணிக்குக் கீழே இருக்கும் கையில்தான் நூல். ஊசி இறங்கியதும் அந்த நூலைக் கொக்கியில் சுற்றி, ஊசியை அரைத் திருப்பு திருப்பி மேலே இழுக்க வேண்டும். திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியின் இழையைக் கவ்விக்கொள்ளும். கண்ணி எல்லாம் ஒரே நீளத்தில் விழுகிற வரைக்கும் வெறும் சங்கிலித் தையல்தான். கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் நூலை வெட்டினால் போட்ட வேலை அத்தனையும் ஒரே இழுப்பில் போய்விடும் என்பதை முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

குடந்தை_டைலர்

கூட்டம் அதிகமென்றால் நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. மெஷினை விட்டுவிட்டு ஆரி மட்டும் என்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

திருத்துறைப்பூண்டி_மாணவி

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருக்கிறேன். அம்மாவின் பழைய மிதி மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பழகுகிறேன். நேராக வருகிறது. ஆனால் துணியின் மேல் பக்கத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. மேல்நூல் சிவப்பு, கீழ்நூல் வெள்ளை போட்டிருப்பதால் நன்றாகவே தெரிகிறது. மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகைத் தளர்த்திப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. என்ன செய்வது?

நாகை_ஐடிஐ_பயிற்றுநர்

தங்கச்சி, இரண்டு நிறத்தில் நூல் போட்டுப் பார்க்க உனக்கு யார் சொன்னார்களோ, நல்ல வழக்கம். அதை விடாதே.

மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள். ஊசியின் கண் அதன் முனையில் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி, திரும்பி ஏற ஆரம்பிக்கும் அந்த நொடியில் நூல் ஒரு பக்கம் சிறு வளையமாகப் புடைக்கும். கீழே ஓடும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். உடனே மேலே இருக்கிற நூல் தூக்கும் கை அதை இழுத்து இறுக்கும். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் கனத்துக்கு நடுவில் கோத்துக்கொள்ளும். எலியாஸ் ஹோவ் 1846ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷினிலும் முனையில் கண் உள்ள ஊசியும் ஷட்டிலும்தான். இன்றைய கம்பெனி மெஷினிலும் தையல் இதேதான்.

இரண்டு நூலும் சம பலத்தில் இழுத்தால் முடிச்சு நடுவில் நிற்கும். மேல்நூல் பலமாக இழுத்தால் கீழ்நூல் மேலே ஏறி வரும். மேல்நூல் தளர்ந்திருந்தால் துணிக்குக் கீழே சுருள் சுருளாக நிற்கும். உனக்கு முதல் வகை. மேல் டென்ஷனைத் தளர்த்தியும் போகவில்லை என்றால் கீழே இருக்கிற இழுப்பு குறைவு என்று பொருள்.

பாபினை அதன் கேஸோடு வெளியே எடு. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடு. தானாகச் சரசரவென்று இறங்கினால் இழுப்பே இல்லை. கையை லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அதுதான் அளவு. சரசரவென்று இறங்கிவிட்டால் திருகைத் தொடாதே. கேஸின் வெளிப்பக்கத்தில் மெல்லிய தகடு இருக்கும், அதன் அடியில் கெட்டித் தாளின் மூலையை நுழைத்து இழுத்துப் பார்.

திருத்துறைப்பூண்டி_மாணவி

அண்ணா, சரசரவென்று இறங்கியது. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை வெட்டி நுழைத்தேன். சாம்பல் நிறத்தில் பஞ்சு மொத்தையாக வந்தது! இப்போது உதறினால்தான் இறங்குகிறது. மேல் பக்கம் முழுக்கச் சிவப்பு, கீழே முழுக்க வெள்ளை. ரொம்ப நன்றி.

நாகை_ஐடிஐ_பயிற்றுநர்

நல்லது. பஞ்சு தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது, அதனால் நூல் அழுத்தமில்லாமல் ஓடியது. பழைய மெஷின்களில் பெரும்பாலான டென்ஷன் கோளாறுக்குத் திருப்புளியே தேவைப்படாது.

டீச்சர் வகுப்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மேல்நூல் கோக்கும்போது பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் கால்) தூக்கியிருக்க வேண்டும். தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் திறந்து நூல் உள்ளே உட்காரும். ஊசியில் நீளமான பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நூல் தூக்கும் கை உச்சியில் இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த தையலில் ஊசியிலிருந்து நூல் உருவிப் போய்விடும். முதல் இரண்டு தையலுக்கு இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டால் கீழே கூடு கட்டாது.

ஊசி எண்: வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணிக்கும் மெல்லிய பட்டுக்கும் 9 அல்லது 11. பாப்ளின், காடாவுக்கு 14. டிரில், ஜீன்ஸுக்கு 16, 18. ஒரே 14ஆம் நம்பர் ஊசியை வருஷக்கணக்கில் வைத்து எல்லாவற்றையும் தைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நிறைய. முனை மழுங்கிய ஊசி ஒவ்வொரு குத்துக்கும் 'டப் டப்' என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஊசியை மாற்றுங்கள்.

திருபுவனம்_தறி

பட்டு பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தறி. திருபுவனம் பட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நாங்கள் நெய்து அனுப்புகிற சேலையின் ரவிக்கைத் துணி தையல் மெஷினில் என்ன பாடு படுகிறது என்று பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. மழுங்கிய ஊசி பட்டில் இறங்கினால் ஓட்டை மட்டும் விழாது, ஒரு இழை குறுக்கே முழுநீளத்துக்கு இழுபட்டுக் கோடாக நிற்கும். அதைத் திரும்ப உள்ளே தள்ள யாராலும் முடியாது.

புதிய 9 அல்லது 11 ஊசி. குண்டூசி குத்துவதானால் விடுப்புக்குள் மட்டும் குத்துங்கள், வெளியே குத்தினால் தடம் போகாது. இஸ்திரி போடும்போது உள்பக்கத்தில், மேலே பருத்தித் துணி வைத்து, சூடு குறைத்து. ஜரிகை மேல் பெட்டியை நேராக வைக்கவே வைக்காதீர்கள். பிரித்துத் தைத்தாலும் பட்டில் பழைய ஊசித்துளை மறையாது, அதனால் முதலில் பழைய துணியில் அளவுக்குத் தைத்துப் போட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பாவும் ஊடையும் எது என்று காட்டுங்கள், டீச்சர். கரையோடு ஒட்டி நீளவாக்கில் போவது பாவு. அது நீளாது. குறுக்கே போவது ஊடை, கொஞ்சம் கொடுக்கும். மூலைவாட்டில் இழுத்தால் துணி நன்றாகவே நீளும். அதனால்தான் கழுத்துப் பட்டிக்கும் பைப்பிங்குக்கும் கிராஸில் வெட்டுகிறார்கள். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாமல் விறைத்து நிற்கும். நெசவாளர் ஊர்கள் இத்தனை சுற்றியிருக்கின்றன, ஒரு நாள் ஏதாவது தறிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் பாவும் ஊடையும் ஆயுசுக்கும் மறக்காது.

மயிலாடுதுறை_எம்பிராய்டரி

டீச்சர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். மெஷின் பழகும் கைக்கு உதவும் அலங்காரம் என்றால் மெஷின் எம்பிராய்டரி. மிதி மெஷினிலேயே செய்யலாம், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட வேண்டும். துணியைத் தள்ளும் பற்களைத் தகடு வைத்து மூட வேண்டும், அல்லது இறக்க வேண்டும். தையல் நீளம் பூஜ்யம். துணியை வளையத்தில் மாட்டுவது கைத்தையலுக்கு மாட்டுவதற்குத் தலைகீழ். துணி மெஷின் தகட்டோடு படிந்து கிடக்க வேண்டும். உள்வளையத்தில் துணி நாடா சுற்றினால் வழுக்காது.

எல்லாரும் தடுமாறுகிற இடம் இது: ஃபுட் இல்லையே என்று, அதைத் தூக்கி இறக்கும் நெம்புகோலை இறக்காமல் விட்டுவிடுவார்கள். ஃபுட் இல்லாவிட்டாலும் நெம்புகோல் இறங்கியிருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்கும். தூக்கி வைத்துத் தைத்தால் கீழே நூல் மூட்டையாகச் சேரும்.

அப்புறம் வளையத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துணியை நகர்த்துவதுதான். விரல் வளையத்துக்கு உள்ளே வரக் கூடாது. வேகமாக மிதித்துக் கையை மெல்ல நகர்த்தினால் தையல் நெருங்கி விழும். மெல்ல மிதித்துக் கையை வேகமாக நகர்த்தினால் நீண்டு விழும், ஊசியும் வளையும். இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் முழு வித்தை. முதலில் தன் பெயரை எழுதச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையும் தன் பெயரை அலுத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப எழுதும்.

பாபநாசம்_தையல்_டீச்சர்

மயிலாடுதுறை அம்மா, பெயர் எழுதுவது நல்ல யோசனை. ஆனால் ஃபுட் இல்லாத மெஷினில் புதுப் பிள்ளைகளை உட்கார வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாம் மாதத்தில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஏதாவது உண்டா?

தேர்ச்சீலை_தஞ்சை

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நாங்கள் பரம்பரையாகக் கோயில்களுக்குத் துணி வேலை செய்கிறவர்கள். தொம்பை, தோரணம், விதானம், குடை. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள், மரத்தேர் 30 அடி, அலங்காரம் கட்டி முடித்தால் 96 அடி. மேலே தெரிகிற அந்த உயரம் மூங்கிலும் துணியும்தான். தேர் அசையும்போது மூலையில் உருளையாகத் தொங்கி ஆடுகிறதே, அதுதான் தொம்பை.

இந்த வேலைக்கு மணி வேண்டாம், ஜரிகை வேண்டாம். ஒரு நிறத் துணியில் இன்னொரு நிறத் துணியை வெட்டி வைத்துத் தைப்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு. தாமரை, அன்னம், யாளி, மயில். முழுக்க மெஷின் நேர்த்தையல், வளைவுத் தையல், முனை திருப்பும் தையல். டீச்சர் காடாவில் ஓட்டச் சொல்கிற அதே கோடும் வட்டமும்தான், ஆனால் தைத்து முடித்ததும் கையில் ஒரு தாமரை இருக்கும். பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வாசல் நிலையில் கட்டலாம். ஆரியை விட, மெஷின் எம்பிராய்டரியை விட, தொடக்கத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

செய்முறை சொல்கிறேன். துணி எல்லாவற்றையும் முதலில் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் தாமரை சுருண்டுவிடும். சிவப்பையும் கறுப்பையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம்.

இதழைத் தாளில் வரைந்து, வெட்டி, துணியில் வைத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்தக் கால் அங்குலம்தான் உள்ளே மடியப் போகிறது. உள்வாங்கிய வளைவில் கத்தரி நுனியால் கோட்டுக்கு ஒரு நூலிழை வரை கீறிவிட வேண்டும், அப்போதுதான் மடிப்பு விரிந்து கொடுக்கும். வெளித்தள்ளிய வளைவில் சின்னச் சின்ன முக்கோணமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புக்குள் துணி சேர்ந்து முடிச்சு முடிச்சாகத் தெரியும். இதழின் கூர்முனையில் முதலில் நுனியைக் கீழே மடித்து, அப்புறம் இரண்டு பக்கத்தையும் மடிக்க வேண்டும். மடித்ததும் விரல் நகத்தால் அழுத்தி, கையால் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துங்கள்.

அடியில் வருவதை முதலில் வைத்துத் தைக்க வேண்டும். தாமரையில் பின் இதழ்கள், அதன்மேல் முன் இதழ்கள், கடைசியில் நடு மொட்டு. மேல் இதழ் மூடப்போகிற இடத்தில் கீழ் இதழின் ஓரத்தை மடிக்கத் தேவையில்லை, கனம் குறையும். மடிப்பு ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தையல் ஓட வேண்டும். முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி, தொடர வேண்டும். வளைவில் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தாலும் குற்றமில்லை.

மன்னார்குடி_ஆரி

அண்ணா, படிக்கும்போதே கை துறுதுறுக்கிறது. இந்த ஓரத்தை மடிக்காமல் வெட்டியபடியே வைத்து நெருக்கமான ஜிக்ஜாக் ஓட்டினால் போதாதா? இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தேர்ச்சீலை_தஞ்சை

ஜிக்ஜாக் வசதியுள்ள மெஷின் இருந்தால் செய்யலாம் அம்மா. டீச்சரின் மிதி மெஷினில் நேர்த்தையல்தான் வரும். அதோடு தேரில் காற்றும் வெயிலும் பட்டு ஆடுகிற துணிக்கு மடித்த ஓரம்தான் நிற்கும். பிள்ளைகள் மடிக்கப் பழகினால் பிளவுஸ் கழுத்தும் தானாக வரும், ஏனென்றால் அங்கும் அதே கீறல், அதே மடிப்பு.

வேறொரு வழியும் இருக்கிறது. இதே கோயில் துணிகளைத் தைக்காமல் வரைந்தும் செய்வார்கள். அது கருப்பூர் கலம்காரி. 2021ல் புவிசார் குறியீடு வந்தது. தஞ்சை மராட்டிய அரசர்களுக்காகக் கோடாலிக் கருப்பூரில் நெய்த சேலைகளில் தறியிலேயே ஜரிகையை ஏற்றி, பிறகு மெழுகால் தடுத்துச் சாயம் தீட்டினார்கள். நெசவும் ஓவியமும் ஒரே துணியில். நம் ஊரில் அலங்காரம் என்றால் மணி கோப்பது மட்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பட்டுக்கோட்டை_அம்மா

என் மகளும் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வகுப்பில் சேர்ந்து படித்தால் சான்றிதழ் ஏதாவது கிடைக்குமா? ஆரி, தாமரை எல்லாம் சரி, வருமானம் என்று பார்த்தால் எது?

நாகை_ஐடிஐ_பயிற்றுநர்

அக்கா, ஐடிஐயில் சூயிங் டெக்னாலஜி ஒரு வருஷம். எம்பிராய்டரிக்கென்றே சர்ஃபேஸ் ஆர்னமென்டேஷன் டெக்னிக்ஸ் என்ற தனிப்பிரிவும் ஒரு வருஷம். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஐடிஐயில் எது இருக்கிறது என்று சேர்க்கை நேரத்தில் கேட்டுப் பாருங்கள். சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. அது 20 முதல் 40 வயதுக்குள், ஆதரவற்றோர், விதவைகள், ஏழ்மையில் உள்ள பெண்கள் போன்றவர்களுக்கு. தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள், அதனால் சான்று இல்லாமல் வகுப்பை முடிக்க வேண்டாம்.

வருமானம் என்றால் அலங்காரம் இல்லாத தையலையும் குறைவாக நினைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. அங்கே கேட்பது நேரான தையலும் வேகமும் மட்டும்.

குடந்தை_டைலர்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, உள்பாவாடை, நைட்டி. வருஷம் முழுக்க வருகிற வேலை இவைதான். ஆரி கல்யாண மாதங்களில் வரும், நல்ல கூலி கொடுக்கும், ஆடி வந்தால் நின்றுவிடும்.

வேதாரண்யம்_நூல்கண்டு

மழைக்காலம் பற்றி யாரும் சொல்லவில்லை. கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மெஷின் துருவேறிவிடும். தைக்காவிட்டாலும் தினம் நாலு சுற்று மிதித்துவிடுங்கள். ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் குத்தி வையுங்கள். தோல் பெல்ட் ஈரத்தில் தளர்ந்து வழுக்கும், கொஞ்சம் வெட்டிக் கம்பிக் கொக்கியை மறுபடி போட்டால் போதும். மெஷின் எண்ணெய் இல்லையென்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகி இறுகிவிடும். எண்ணெய் விட்டால் முதலில் வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், நல்ல துணியில் கறை விழாது.

பாபநாசம்_தையல்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. தாமரையில்தான் தொடங்கப் போகிறேன். இரண்டாம் வாரமே. தாளில் மிதித்துப் பழகி, காடாவில் நேர்கோடும் வட்டமும் ஒரு தடவை வந்ததும் தாமரை. மெஷின் காலியில்லாதவர்கள் இதழை வெட்டி, மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள், மன்னார்குடி அக்கா சொன்ன கூட்டச் சிக்கலும் தீர்ந்தது. ஆரிச் சட்டத்தில் பிளவுஸ் குறிக்கத் தெரிந்த பிறகுதான் உட்காரலாம் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளை முகம் சுருங்கியது. மற்றவர்கள் யாளி வரைய முடியுமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

தஞ்சை அண்ணா, வகுப்பு முடியும்போது எல்லாரும் சேர்ந்து சின்னதாக ஒரு தொம்பை செய்து எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. அளவு எப்படி எடுப்பது? குழாயாக மூட்டிய பிறகு தாமரை வைப்பதா, முன்னாலா?

தேர்ச்சீலை_தஞ்சை

முன்னால்தான். துணி தட்டையாக இருக்கும்போதே தாமரை, கரை, பட்டி எல்லாம் தைத்து முடித்துவிட வேண்டும். குழாயாக மூட்டிவிட்டால் மெஷினுக்குள் நுழையாது.

அளவுக்கு முதலில் வளையத்தை முடிவு செய்யுங்கள். 7 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு 22 அங்குலம். மூட்டுக்கு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் சேர்த்து 23 அங்குல அகலத் துணி. நீளம் உங்கள் இஷ்டம், இந்த வளையத்துக்கு இரண்டடி பார்க்க நன்றாக இருக்கும், மேலும் கீழும் வளையம் நுழையும் மடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். நாலு தாமரை வைப்பதானால் மூட்டு விடுப்பை விட்டுவிட்டு 22ஐ நாலாகப் பிரியுங்கள், ஐந்தரை அங்குலத்துக்கு ஒன்று வரும். 23ஐப் பிரித்தால் மூட்டு வரும் இடத்தில் இரண்டு தாமரை நெருங்கிவிடும்.

உள்ளே காடாத் துணியில் லைனிங் கொடுங்கள், தாமரை தைத்து முடித்த பிறகு, மூட்டுவதற்கு முன். வளைய மடிப்பைத் தைக்கும்போது ஒரு அங்குலம் திறப்பு விடுங்கள், கம்பியை அதன் வழியாக நுழைத்த பிறகு கையால் தைத்து மூடலாம். அடிக்குஞ்சத்தை அந்த மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டால் தனியாகக் கட்ட வேண்டாம். கம்பி வளையமானால் துணி நாடா சுற்றி நுழையுங்கள், துரு துணியில் இறங்காது. எங்களிடம் சிவப்புக் காடாவும் மஞ்சளும் வெட்டுத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் வரும்போது தனிச்செய்தியில் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.